சொல்ல மறுத்த தேவதூதன்

அவளுக்கு மிளகு என்று பெயர் வைத்தது அவளுடைய பெரியப்பா. பார்த்தால் ஒன்றும் தெரியாது, கடித்தால்தான் கண்ணில் தண்ணீர் வரும் என்பது அவர் சொன்ன விளக்கம். வீட்டிலும் பள்ளியிலும் சபையிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

அந்த வருஷம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போடும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மிளகுக்குத் தேவதூதன் வேஷம் கிடைத்தது. காரணம், ஒலிபெருக்கி இல்லாமலே அவள் குரல் கடைசி பெஞ்சு வரை போகும். ஞாயிறு பள்ளி டீச்சர் வார நாட்களில் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர். ஆறு நாள் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வதும், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வாயை மூடச் சொல்வதும்தான் தன் பிழைப்பு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாடகத்தையும் அவரே எழுதியிருந்தார்.

முதல் ஒத்திகைக்கு முன்னால், ஆலயத்துக்குப் பின்புறமுள்ள கூடத்தில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து டீச்சர் கேட்டார்.

"கிறிஸ்துமஸ்னா என்ன?"

"கேக்," என்றது ஒரு குரல். "புதுச்சட்டை," என்றது இன்னொன்று. "லீவு," என்றான் நெட்டை. அவன் மிளகின் பெரியப்பா மகன். வயதுக்கு மீறிய உயரம். மேய்ப்பன் வேஷம் போட்டுக்கொண்டு, ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே தூணில் சாய்ந்து பாதி தூங்கிக்கொண்டிருந்தான்.

டீச்சர் யாரையும் கோபிக்கவில்லை. "கடவுளுக்கும் மனுஷனுக்கும் நடுவுல பேச்சே இல்லாமப் போச்சு. தப்பு நம்ம பக்கம். ஆனா இவங்களா வரட்டும்னு அவர் காத்துக்கிட்டு இருக்கல. அவரே கிளம்பி வந்துட்டார், அதுவும் ஒரு குழந்தையா. அந்தச் சேதியைத்தான் நாம மேடையில சொல்லப்போறோம்."

மிளகு கையைத் தூக்கினாள். "தப்பு பண்ணாதவங்க ஏன் டீச்சர் முதல்ல வரணும்?"

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "தப்பு யாருதுன்னு பார்த்துக்கிட்டே இருந்தா யாருமே வர முடியாது மிளகு. யாருக்குப் பாசம் அதிகமோ அவங்க வருவாங்க."

மற்றப் பிள்ளைகள் அதை அப்போதே மறந்துவிட்டு, ஆட்டுக்குட்டியின் வால் யாருக்கு என்று சண்டை போடப் போய்விட்டார்கள். மிளகு மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வீட்டு விஷயத்தை யாரோ டீச்சரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் தச்சர்கள். ஒரே பட்டறையில், ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள். ஒருவர் பலகையைத் தள்ளினால் இன்னொருவர் மறுபக்கம் வாங்கிக்கொள்வார். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. போன வருஷக் கடைசியில் ஒரு நாள் அப்பா மெல்லிய சட்டம் ஒன்று அறுப்பதற்காக வட்ட ரம்பத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றினார். யாரோ வாசலில் கூப்பிட, அதைத் திரும்ப மாட்டாமல் எழுந்து போனார். அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஒரு பலகையை எடுத்து ரம்பத்தில் வைத்தார். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

விரல்கள் போன கையைவிட, அன்றைக்குப் போன பேச்சுதான் பெரிய காயம். "மூடியைக் கழட்டினவன் மாட்ட வேண்டாமாடா?" என்று பெரியப்பா கேட்டதும், பயத்தில் வெளிறிப்போய் நின்ற அப்பா, "பலகையை வைக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டாமா?" என்று சொல்லிவிட்டார். வாயை விட்டு வந்த சொல்லை யார் திரும்ப எடுப்பது? பெரியப்பா மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு பட்டறைக்கு நடுவில் பிளைவுட் பலகை அடித்துத் தடுப்புப் போட்டார். ரம்பம் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. ஆலயத்திலும் அப்படியே. பெரியப்பா வீட்டார் இடப்பக்கம், இவர்கள் வலப்பக்கம். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் காய்கறிக் கடையில், ஏதோ கள்ளக்கடத்தல் செய்பவர்கள் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்வார்கள்.

ஒத்திகை தொடங்கியது. மிளகு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். "பயப்படாதீர்கள். நல்ல சேதி கொண்டு வந்திருக்கிறேன். உங்களுக்காக ஒரு பாலகன் பிறந்திருக்கிறார்," என்று கணீரென்று சொன்னாள். அதற்கடுத்த வரி, "இனி மனிதருக்குள்ளே சமாதானம்." அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

டீச்சர் மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "இனி மனிதருக்குள்ளே..."

மிளகு வாயைத் திறக்கவில்லை.

"மறந்துட்டியாம்மா?"

"இல்ல டீச்சர். நல்லா ஞாபகம் இருக்கு. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டீச்சர் வேறு பெண்ணுக்கு அந்த வேஷத்தைக் கொடுக்கலாம் என்று பார்த்தால், அந்தப் பெண்ணும், "எங்க மாடி வீட்டு ஆன்ட்டியோட நாங்க பேசுறதில்ல டீச்சர்," என்று பின்வாங்கினாள். அதைக் கேட்டதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வீட்டுச் சண்டை ஞாபகம் வந்துவிட்டது. ஒருத்தி அத்தையைச் சொன்னாள், ஒருவன் எதிர்வீட்டு நாயைக்கூடச் சேர்த்துச் சொன்னான். கடைசியில் ஆட்டுக்குட்டியாக வேஷம் போட்ட பொடிசு, "டீச்சர், நீங்க ஆர்கன் வாசிக்கிற மாமாவோட பேச மாட்டீங்கதானே?" என்று கேட்டது. டீச்சர் முகம் சிவந்துவிட்டது. பாட்டை வேகமாக வாசிப்பதா மெதுவாக வாசிப்பதா என்று அவர்களுக்குள் ஈஸ்டரிலிருந்து தகராறு. ஒத்திகை அன்றைக்கு அதோடு முடிந்தது.

வீட்டுக்குப் போனதும் மிளகு நேராக அப்பாவிடம் போய் நின்றாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, பெரியப்பா வீட்டுக்குப் போகலாமா?"

"எதுக்கு?"

"சும்மா. பேசுறதுக்கு."

"அது பெரியவங்க விஷயம். நீ தலையிடாதே."

"பெரியவங்க விஷயம்னா பெரியவங்க பார்த்திருக்கணும்ல?"

உளி கல்லில் போய்ப் போய் வந்தது. அப்பா நிமிரவே இல்லை. "அவர் அண்ணன். அவர் கூப்பிட்டா நான் போவேன்."

மிளகு அங்கிருந்து பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான். பெரியப்பா அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாடி என் மிளகு," என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். இடது கையை மட்டும் வழக்கம்போல் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்த முகம் கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது.

"உங்கப்பன் சின்னவன். அவன் வரட்டும். நான் வேண்டாம்னா சொல்றேன்?"

திரும்பி வரும்போது மிளகுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இரண்டு பேரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வாசற்படி தாண்ட ஒருவருக்கும் காலில்லை. விடுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல் வந்தது. வருஷா வருஷம் நாடகத்துக்கான மாட்டுத் தொழுவத்தை அண்ணனும் தம்பியும்தான் சேர்ந்து செய்து தருவார்கள். இந்த முறை போதகர் பெரியப்பாவிடம் கேட்டார். "தம்பியைக் கேளுங்க ஐயா, எனக்குக் கை சரியில்ல," என்றார் அவர். தம்பியிடம் கேட்டார். "அண்ணன் இருக்கும்போது நான் எப்படி ஐயா?" என்றார் இவர். போதகர் நல்ல மனிதர், ஆனால் யாரையும் நெருக்கிக் கேட்கத் தெரியாதவர். அட்டையில் படம் வரைந்து ஒட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அட்டையெல்லாம் வேண்டாம்," என்றாள் மிளகு நெட்டையிடம். "நாமளே செய்வோம்."

"உனக்குப் பைத்தியமா? எனக்கு ஆணி அடிக்கவே தெரியாது."

"தச்சர் வீட்டுப் பிள்ளை சொல்ற பேச்சா இது? ரம்பத்தை எடுத்துட்டு வா. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். ஆலயத்துச் சாமான் அறையில் பழைய பெட்டிப் பலகைகள் கிடந்தன. நெட்டை தன் அப்பாவுக்குத் தெரியாமல் கைரம்பமும் சுத்தியலும் கொண்டு வந்திருந்தான். மிளகு பெஞ்சின் மேல் பலகையை வைத்து, பொடிசுகள் இரண்டைத் தூக்கி அதன் மேல் கனத்துக்கு உட்காரவைத்து, அறுக்கத் தொடங்கினாள். அறுத்த பலகை ஒன்று நீளம், ஒன்று குட்டை. எப்படியோ நாலு கால்களை நிறுத்தி ஆணி அடித்தார்கள். நெட்டை கையை எடுத்ததும் தொழுவம் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது.

"மாடுகூட இதுக்குள்ள வராது," என்றான் நெட்டை.

"பிரி. மறுபடி அடிப்போம்."

இரண்டாவது தடவையும் விழுந்தது. மிளகின் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. பிள்ளைகளில் பாதிப் பேர் சலித்துப்போய் வெளியே ஓடிவிட்டார்கள். அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ரம்பத்தை எடுத்தாள்.

ஆலயத்தில் மணியடிப்பவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ரம்பத்தைக் கண்டதும் அவருக்குப் பகீரென்றது. யார் வீட்டுப் பிள்ளை பிடித்திருக்கிறது, யாருடைய ரம்பம் என்று ஆராய நேரமில்லை. இரண்டு வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார்.

முதலில் வந்தவர் பெரியப்பா. மூச்சு வாங்க ஓடி வந்து, மிளகின் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கினார். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவசரத்தில் துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அந்த நேரத்தில் அப்பா வாசலில் வந்து நின்றார். மகளுடைய கை அண்ணனின் கைக்குள் இருந்தது. அண்ணனின் அந்தக் கையை, விபத்து நடந்த நாளுக்குப் பிறகு, மறைப்பு எதுவும் இல்லாமல் அவர் இப்போதுதான் பார்க்கிறார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

வெளியே ஓடின பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஜன்னலில் தொற்றிக்கொண்டார்கள்.

"யார் உன்னை இதையெல்லாம் செய்யச் சொன்னது?" என்று அப்பா மிளகைக் கேட்டார்.

"யாரும் சொல்லல. செய்ய வேண்டியவங்க செய்யல."

பெரியப்பா விழுந்து கிடந்த தொழுவத்தைப் பார்த்தார். தச்சன் கண்ணுக்கு அது பொறுக்கவில்லை. குனிந்து ஒரு காலைத் தூக்கி நிறுத்தி, வலது கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டார். இடது கையால் ஆணியைப் பிடித்தார். மிச்சமிருந்த விரல்களுக்கு நடுவில் ஆணி நிற்கவில்லை. வழுக்கி விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை அவர் எடுக்கக் குனிவதற்குள் அப்பா வந்து உட்கார்ந்து, ஆணியை எடுத்து, பலகையில் அந்த இடத்தில் வைத்து, தன் இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டார்.

"அடி, அண்ணே."

பெரியப்பா சுத்தியலை ஓங்கவில்லை. "விரலை எடு. குறடு வச்சுப் பிடி."

"வேண்டாம். அடி."

"தவறிப் பட்டுட்டா?"

"பட்டா படட்டும். உன் கை தவறாது."

பெரியப்பா அடித்தார். சரியாக ஆணியின் தலையில் விழுந்தது. அடுத்த ஆணி. அதற்கடுத்தது. பட்டறையில் நடந்த மாதிரியே ஒருவர் பிடிக்க ஒருவர் அடிக்க வேலை ஓடியது. மிளகு அசையாமல் நின்று பார்த்தாள். நெட்டைகூட முழுசாக விழித்திருந்தான்.

பாதி வேலையில் பெரியப்பா தலையைத் தூக்காமலே சொன்னார். "விரல் போனதுகூட எனக்குப் பெருசில்லடா. அத்தனை நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். ஊரே வந்து பார்த்துச்சு. நீ வரல."

அப்பாவின் கை ஆணியிலேயே இருந்தது. "வந்தேன்."

"எப்போ?"

"தினமும் வந்தேன். வார்டு வாசல்ல நிப்பேன். கட்டுப் போட்ட கை தெரியும். அதைப் பார்த்ததும் காலு உள்ள வரல. மூடியை நான்தான் மாட்டியிருக்கணும் அண்ணே. அன்னிக்கே தெரியும். வாய்தான் வேற எதையோ சொல்லிடுச்சு."

பெரியப்பா கூரைச் சட்டத்தை வைத்து, நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, கடைசி ஆணியை அடித்து முடித்தார். தொழுவம் ஆடாமல் நின்றது. மகனிடம் ரம்பத்தைக் கொடுத்து, "வீட்டுக்கு நட," என்றார். தம்பியிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

மிளகு அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீங்க பின்னாலயே போங்க."

"விடு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். அவருக்கும் நேரம் வேணும்."

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் நாடகம். ஆலயம் நிரம்பி வழிந்தது. மிளகு வெள்ளை அங்கியும் அட்டை இறக்கையுமாகத் திரைக்குப் பின்னால் நின்று சந்து வழியாகப் பார்த்தாள். இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் பெரியப்பா, பெரியம்மா. வலப்பக்கம் அப்பா, அம்மா. நடுவில் அதே நடைபாதை.

டீச்சர் அவளுடைய இறக்கையைச் சரி செய்தபடி காதோரம் கேட்டார். "மிளகு, அந்த வரியைச் சொல்லப்போறியா, இல்ல பாட்டை ஆரம்பிக்கச் சொல்லிடட்டுமா? ஆர்கன் மாமாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்." அதாவது, டீச்சர் முதலில் போய் அவரிடம் பேசிவிட்டார். மிளகு அதைக் கவனித்தாள்.

"தெரியல டீச்சர்."

மேடையில் ஏறினாள். கீழே நெட்டை மேய்ப்பனாகப் படுத்திருந்தான். தூங்குவதாக நடிக்க வேண்டிய இடத்தில் உண்மையாகவே குறட்டை விட்டான். சபை சிரித்தது. அவனை ஆட்டுக்குட்டி உதைத்து எழுப்பிய பிறகு மிளகு தொடங்கினாள். பயப்படாதீர்கள் என்றாள். நல்ல சேதி என்றாள். பாலகன் பிறந்திருக்கிறார் என்றாள். அந்த வரி வந்தது.

அவள் நிறுத்தினாள். ஆலயம் காத்திருந்தது. ஆர்கன்காரர் விரல்களைக் கட்டைகளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

மேய்ப்பர்கள் அன்றைக்கு எப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள் என்று மிளகு நினைத்துப் பார்த்தாள். அவர்களுக்குள்ளும் ஆட்டுக்காகவோ தண்ணீருக்காகவோ சண்டை இருந்திருக்கும். அண்ணனோடு பேசாத தம்பி ஒருவன் நிச்சயம் இருந்திருப்பான். எல்லாரும் சமாதானமாகிவிட்ட பிறகு வந்து சொல்வதற்கு ஒரு தேவதூதன் எதற்கு? ஆகாதவர்களிடம்தான் அதைச் சொல்ல வேண்டும். இது பொய் இல்லை. இது கூப்பிடுவது.

அவள் வலப்பக்கம் திரும்பி, நேராக அப்பாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி மனிதருக்குள்ளே சமாதானம்."

பிறகு இடப்பக்கம் திரும்பி, பெரியப்பாவைப் பார்த்து, இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னாள். நாடகத்தில் அப்படி இல்லை. டீச்சர் தடுக்கவும் இல்லை.

பாட்டு ஆரம்பித்தது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. சபை எழுந்து நின்றது. அந்தச் சலசலப்பில் பெரியப்பா தன் இடத்தை விட்டு வெளியே வருவது மிளகுக்குத் தெரிந்தது. சின்னவன் வரட்டும் என்று சொன்ன மனிதர், துண்டு தோளில் தொங்க, இரண்டு கையும் வெளியே தெரிய, நடைபாதையைத் தாண்டி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றார். பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். அப்பா அதன் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குப் பாட வரவில்லை. பெரியப்பா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடினார், சுருதி சேராமல்.

நாடகம் முடிந்து கூடத்தில் எல்லாரும் கேக்கும் தேநீருமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மேடைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. மிளகு பதறிப்போய் ஓடினாள். தொழுவத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வலப்பக்கம் சாஞ்சிருக்குடா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"சட்டம் நேராத்தான் இருக்கு. தரைதான் சாஞ்சிருக்கு."

"தரை மேல பழியைப் போடாதே. அந்த மூலையை நீதான் பிடிச்ச."

"அடிச்சது யாரு?"

மிளகு இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்துவிடலாம் என்று இறக்கையோடு பாய்ந்தாள். பெரியம்மா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுடி. இது சண்டை இல்ல. இருபது வருஷமா இவங்க பேசிக்கிறதே இப்படித்தான்."

மிளகு கொஞ்ச நேரம் அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தாள். பெரியப்பா குனிந்து ஒரு காலுக்கடியில் அட்டைத் துண்டை மடித்துச் செருக, அப்பா மேலே தூக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்து, ஒரே மாதிரித் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் கேக் சாப்பிடப் போனாள்.